நெறிகட்டிக்கு ஸ்கேன்: எந்த ரிப்போர்ட் காசு பெறும்?

கழுத்தில் நெறி கட்டி மூன்று வாரமாகியும் கரையவில்லை என்றால் டாக்டர் சீட்டில் எழுதுவது பெரும்பாலும் ஒரே வரிதான்: அல்ட்ராசவுண்ட் நெக். ஸ்கேன் சென்டரில் அதை ‘ஸ்மால் பார்ட்ஸ்’ கணக்கில் பில் போடுவார்கள். வயிற்று ஸ்கேன் போல வெறும் வயிறு வேண்டாம், தண்ணீர் குடித்துக் காத்திருக்கவும் வேண்டாம். பார்ப்பதற்கு எளிய சேவை. ஆனால் ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே விலையில், இடத்துக்கு இடம் இவ்வளவு வித்தியாசப்படும் பரிசோதனை வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். ஆகவே இந்த மதிப்புரையில் எந்தக் கடையின் பெயரும் இல்லை. சேவையை எப்படி எடைபோடுவது என்பதே விஷயம்.

முதலில் கைக்கு வரும் சரக்கைப் பார்ப்போம். ரிப்போர்ட்டுகள் ஆங்கிலத்தில் வரும். தமிழில் சொன்னால் மோசமான ரிப்போர்ட் இப்படி இருக்கும்: ‘இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான சில நிணநீர்க் கணுக்கள் தெரிகின்றன. ரியாக்டிவ்வாக, அதாவது தொற்று போன்ற ஒன்றுக்கு எதிர்வினையாக வீங்கியதாக, இருக்கலாம். நோயாளியின் அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.’ இதில் தகவல் எதுவும் இல்லை. நெறி கட்டுவது என்றால் நிணநீர்க் கணு வீங்குவதுதான். ஒரு மனிதக் கழுத்தில் சுமார் 300 நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. நல்ல ப்ரோபை, அதாவது தோலில் வைத்து ஓட்டும் கைக்கருவியை, வைத்தால் ஆரோக்கியமான ஆளிடமும் சில தெரியத்தான் செய்யும். பல இடங்களில் இந்த வரி டைப்பிஸ்ட்டின் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே சேமித்து வைத்த வரி.

காசு பெறும் ரிப்போர்ட் இப்படி இருக்கும்: ‘வலது பக்கம், லெவல் 3, ஜூகுலர் சிரைக்கு வெளிப்புறம் ஒரு கணு. 14 × 11 மி.மீ. உருண்டை வடிவம். ஹைலம் இல்லை. உள்ளே அழுகிய பகுதி உண்டு. ஓரத்தில் ரத்த ஓட்டம். கரோட்டிட் தமனியை ஒட்டவில்லை. ஊசிப் பரிசோதனை தேவை.’ ஜூகுலர், கரோட்டிட் இரண்டும் கழுத்தின் பெரிய ரத்தக் குழாய்கள். ஊசிப் பரிசோதனை என்பது கணுவில் ஊசி குத்தி அணுக்களை (செல்களை) எடுத்துப் பார்ப்பது. இந்த நாலைந்து வரியை வைத்து ஒரு அறுவை மருத்துவர் அடுத்த வேலையைத் தொடங்கலாம். இதில் ஒவ்வொரு சொல்லும் எப்படிக் கிடைக்கிறது, எங்கே தப்பிப்போகிறது என்று பார்த்தால் சேவையின் தரம் தானே விளங்கும்.

ப்ரோபும் மேசையும்

மெஷின் எந்தக் கம்பெனி என்பது இரண்டாம் பட்சம். கழுத்துக்கு வேண்டியது லீனியர் ப்ரோப், அதாவது முகம் தட்டையாக, நாலைந்து சென்டிமீட்டர் அகலத்தில் இருப்பது. அதிர்வெண் 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரை. வயிற்றுக்கு வைக்கும் வளைந்த ப்ரோப் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஆழமாகப் போகும், ஆனால் 6 மி.மீ. கணுவின் உட்புறத்தைக் காட்டாது. வயிற்று ஸ்கேன் முடித்த கையோடு அதே வளைந்த ப்ரோபைக் கழுத்திலும் ஓட்டினால், அந்தக் கழுத்து ஸ்கேனை எடுக்காததாகவே வைத்துக்கொள்ளலாம். மிகக் குட்டையான, தடித்த கழுத்தில் ஆழத்துக்காகச் சில நொடி வளைந்த ப்ரோபைத் தொடுவது வேறு விஷயம்.

படுக்கும் விதம் முக்கியம். தோள்பட்டைக்கு அடியில் ஒரு சுருட்டிய துண்டோ தலையணையோ வைத்து, தாடை மேலே தூக்கி, தலையை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். தலைக்கு உயரத் தலையணை வைத்துப் படுக்கவைத்தால் தாடைக்கு அடியிலும் கழுத்தெலும்புக்கு மேலேயும் ப்ரோப் உட்காராது. புற்றுநோய் ஒளிந்துகொள்ளப் பிடித்த இடங்களும் அவைதான். சங்கிலி, தாலிக்கொடி, தாயத்து எல்லாவற்றையும் கழற்றிவைக்கச் சொல்லாத இடத்தில் கழுத்தெலும்புப் பள்ளத்தைப் பார்க்கப் போவதில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

அதன்பின் கை ஓடும் வழி. தாடைக்கு நடுவில் அடியில் தொடங்கி, தாடையோரமாகக் காதடி வரை, அங்கிருந்து ஜூகுலர் சிரையைப் பிடித்துக்கொண்டு கழுத்தெலும்பு வரை, பிறகு கழுத்தின் பின் முக்கோணம், கடைசியாகத் தைராய்டைச் சுற்றிய நடுப்பகுதி. இதே சுற்று மறுபக்கமும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பத்து நிமிடத்துக்குக் குறைவாக முடிந்தால் எதையோ தாண்டியிருக்கிறார்கள். நோயாளி விரல் வைத்துக் காட்டிய கட்டியை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுவதுதான் இந்தச் சேவையில் அதிகம் நடக்கும் குறை. விரலுக்குத் தட்டுப்படும் கணுவுக்குக் கீழே தட்டுப்படாத மூன்று இருக்கலாம். சிகிச்சையின் அளவை மாற்றுவது அந்த மூன்றுதான்.

வாசலில் ‘கருவின் பாலினம் தெரிவிக்கப்படாது’ என்ற பலகை இருக்கும். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பலகை கட்டாயம். அது சென்டர் சட்டப்படி நடக்கிறது என்பதற்குச் சான்று. கழுத்தைப் பார்க்கத் தெரியும் என்பதற்கு அல்ல.

லெவல் எண் எதற்கு

கழுத்தை ஆறு லெவல்களாகப் பிரித்திருக்கிறார்கள். தாடைக்கு அடியில் 1, ஜூகுலர் சிரை வழியே மேலிருந்து கீழாக 2, 3, 4, பின் முக்கோணம் 5, தைராய்டைச் சுற்றி 6. நிணநீர் தன் போக்கில் ஓடுவதில்லை, அதற்கு வாய்க்கால் உண்டு. கன்னத்தின் உட்புறத்திலும் ஈறிலும் வரும் புற்று, அதாவது புகையிலை அடக்கும் பழக்கத்தோடு நம்மூரில் அதிகம் காணும் புற்று, முதலில் லெவல் 1-க்கும் 2-க்கும் வரும். நாக்குப் புற்று 1, 2, 3. தைராய்டு 6, 3, 4. மூக்குக்குப் பின்னால் வரும் புற்று 2-க்கும் 5-க்கும் போகும். இடது கழுத்தெலும்புக்கு மேலே ஒரு கணு கல்லுப்போல் இருந்தால் வயிற்றையும் நெஞ்சையும் தேட வேண்டும். உடலின் பெரிய நிணநீர்க் குழாய் அங்கேதான் வந்து சேருகிறது. 1848-இல் ஜெர்மன் மருத்துவர் விர்ஷோ விவரித்தது இதைத்தான், அவர் பெயராலேயே அந்தக் கணுவை அழைக்கிறார்கள்.

எனவே ‘கழுத்தில் கட்டி’ என்று மட்டும் எழுதி லெவலை விட்ட ரிப்போர்ட், தெருப் பெயர் இல்லாத விலாசம். சிறுவர்களுக்குப் பிடரியில் நெறி கட்டினால் முதலில் தலையில் பேன், புண், பொடுகு இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே வாய்க்கால் கணக்குத்தான்.

அளவு: இரண்டு எண், இரண்டு வேலை

ஒவ்வொரு சந்தேகக் கணுவுக்கும் நீளமும் குறுக்களவும் இருக்க வேண்டும். ஒரே எண் தந்தால் திருப்பிக் கேளுங்கள். சந்தேகத்தை அளப்பது குறுக்களவு. நோயின் கட்டத்தைக் குறிப்பது பெரிய அளவு. பெரும்பாலான தலை, கழுத்துப் புற்றுகளில் 3 செ.மீ., 6 செ.மீ. என்ற இரண்டு கோடுகளை வைத்துத்தான் கணுக் கட்டம் பிரிகிறது, அங்கே எடுத்துக்கொள்வது நீளத்தை.

எத்தனை மி.மீ. தாண்டினால் ஆபத்து என்பதற்கு ஒரே பதில் கிடையாது. லெவல் 2-இல் 7 அல்லது 8 மி.மீ., மற்ற இடங்களில் 6 என்று வைப்பவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் 10 என்று வைப்பவர்களும் உண்டு. கோட்டைக் கீழே இறக்கினால் புற்று தப்பாது, ஆனால் நல்ல கணுக்களிலும் ஊசி ஏறும். மேலே ஏற்றினால் நேர்மாறு. நாக்கில் புற்று உறுதியான ஒருவருக்கு அதே பக்கம் லெவல் 2-இல் 6 மி.மீ. உருண்டைக் கணு இருந்தால் ஊசி போடுவது நியாயம். சளி பிடித்த இருபது வயதுப் பையனுக்கு 12 மி.மீ. நீளவாட்டுக் கணு இருந்தால் காத்திருப்பது நியாயம். சென்டிமீட்டருக்குக் குறைவு என்றதும் நல்லது என்று முடிவுகட்டுவது ஸ்கேன் ரிப்போர்ட்டுகளில் பழகிப்போன தவறு.

நல்ல கணு மொச்சைக்கொட்டை போல நீண்டிருக்கும். குறுக்களவு நீளத்தில் பாதியைத் தாண்டி உருண்டையானால் சந்தேகம் வரும். விதிவிலக்கு தாடைக்கு அடியில். அங்கே நல்ல கணுவே உருண்டைதான். பல் சொத்தை உள்ள வாயில் இன்னும் பெரிதாக இருக்கும். இது தெரியாத கை, லெவல் 1-இல் உள்ள ஒவ்வொரு உருண்டையையும் பார்த்துப் பயமுறுத்தும்.

வாசலும் விளிம்பும்

கணுவின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு தெரியும். கொழுப்பும் ரத்தக் குழாயும் உள்ளே நுழையும் இடம், ஹைலம். அது இருந்தால் பாதி நிம்மதி. பாதிதான், ஏனென்றால் தொடக்கத்திலுள்ள புற்று ஹைலத்தைத் தொடுவதில்லை. புற்றணுக்கள் ஹைலம் வழியாக வருவதில்லை. வெளி ஓட்டில் வந்து சேரும் நிணநீர்க் குழாய்கள் வழியாக வந்து, ஓட்டுக்கு அடியில்தான் முதலில் குடியேறுகின்றன. அதனால் முதல் அடையாளம் ஓரத்தில் ஒரு சின்னப் புடைப்பு, ஹைலத்தைச் சுற்றிய கருவட்டத்தின் ஒரு பக்கம் மட்டும் தடித்திருப்பது. கையை ஓட்டிக்கொண்டே போகிறவருக்கு அது தெரியாது. கணுவை இரண்டு கோணத்தில் நிறுத்திப் பார்க்கிறவருக்குத் தெரியும்.

உள்ளே என்ன நிறம் என்பதும் பேசும். பரவிய புற்றுக் கணு பெரும்பாலும் பக்கத்துத் தசையைவிடக் கருமையாக இருக்கும். தைராய்டின் பாப்பில்லரி வகைப் புற்று இதற்கு நேரெதிர்: கணு வெளுத்து, உப்புத் தூவியது போல் சுண்ணாம்புப் புள்ளிகள், சில சமயம் நீர்ப்பை. நாற்பது வயதைத் தாண்டியவரின் கழுத்துப் பக்கத்தில் நீர்ப்பை என்றால் அதைப் பிறவிக் கட்டி என்று சொல்லிவிடக் கூடாது. தைராய்டுப் புற்றும், எச்.பி.வி. வைரஸால் வரும் தொண்டைப் புற்றும் இப்படி நீராகத் தோன்றும்.

நிணநீர் அணுக்களிலேயே தொடங்கும் புற்றான லிம்போமா இன்னொரு பக்கம் ஏமாற்றும். கணு அவ்வளவு கருப்பாக இருப்பதால் பழைய மெஷினில் நீர்ப்பை போலவே தெரியும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயினைக் குறைத்து வைத்திருந்தால் தவறு உறுதியாகிவிடும். நல்ல மெஷினில் உள்ளே வலை பின்னியதுபோல் நுண்ணிய அமைப்பு தெரியும், டாப்ளர் போட்டால் உள்ளே ரத்தம் ஓடுவது தெரியும். நீரில் ரத்தம் ஓடாது.

விளிம்பு விஷயத்தில் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். கூர்மையான விளிம்பு என்றால் நல்லது என்பது மார்பகக் கட்டியில் பழகிய கணக்கு. கணுவில், புற்று உள்ளே நிறைந்து கொழுப்பை வெளியேற்றும்போது விளிம்பு இன்னும் கூர்மையாகும். புற்று என்று உறுதியான கணுவின் விளிம்பு மங்கினால்தான் ஓட்டை உடைத்து வெளியே வந்துவிட்டதோ என்று யோசிக்க வேண்டும்.

கண்டமாலைச் சிக்கல்

வெளிநாட்டுப் பாடநூலை வைத்துக்கொண்டு நம்மூர்க் கழுத்தைப் படிக்க முடியாததற்குக் காரணம் டி.பி. பழைய பெயர் கண்டமாலை. அதுவும் கணுவை உருண்டையாக்கும், ஹைலத்தை அழிக்கும், உள்ளே அழுகவைக்கும். புற்றின் அடையாளம் என்று மேலே சொன்னவற்றில் பாதி அதற்கும் பொருந்தும்.

பிரித்தறிய உதவுபவை சில உண்டு. டி.பி. கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருக்கும். சுற்றியுள்ள சதை வீங்கியிருக்கும். பின் முக்கோணத்திலும் கழுத்தெலும்புக்கு மேலேயும் அதிகம். டாப்ளரில் ரத்த ஓட்டம் ஒதுங்கியோ அறவே இல்லாமலோ இருக்கும். தோலுக்கு அடியில் ஒரு சீழ்க்கட்டு, அதிலிருந்து குறுகிய வழியில் ஆழத்தில் இன்னொன்று என்று சட்டைப் பொத்தான் வடிவம் தெரிந்தால் டி.பி. பக்கம் தராசு சாயும். ஆனால் கதிர்வீச்சு எடுத்த கழுத்திலும் சதை வீங்கும், புற்றுக் கணுக்களும் ஒட்டும். ஸ்கேனை மட்டும் வைத்து டி.பி. மருந்து ஆரம்பிப்பதும், ஸ்கேனை மட்டும் வைத்துப் புற்று என்று சொல்லி வீட்டை அழவைப்பதும் ஒரே தவறின் இரண்டு முகம். இளம் பெண்களுக்குப் பின் முக்கோணத்தில் காய்ச்சலோடு கட்டி வரும் கிகுச்சி நோய், 1972-இல் ஜப்பானில் விவரிக்கப்பட்டது, இரண்டுக்கும் வேஷம் போடும், தானே அடங்கியும் விடும்.

டாப்ளர், எலாஸ்டோ

நல்ல கணுவில் ரத்தம் ஹைலம் வழியாக நுழைந்து கிளை பிரியும். புற்றுக் கணுவில் ஓரத்திலிருந்து புதுக் குழாய்கள் நுழையும். லிம்போமாவில் இரண்டும் இருக்கும். இது பயனுள்ள தகவல்தான். ஆனால் கணுவுக்குள் ஓட்டம் மெதுவானது. கரோட்டிட் தமனிக்கு வைத்த வேக அளவிலேயே விட்டுவிட்டால் ஒன்றும் தெரியாது, அளவைக் கீழே இறக்க வேண்டும். ப்ரோபை அழுத்தினால் நுண் குழாய்கள் நசுங்கி ஓட்டம் நின்றுவிடும். ‘ரத்த ஓட்டம் இல்லை’ என்று வரும் ரிப்போர்ட்டுகளில் ஒரு பங்கு, கை அழுத்தத்தால் வந்தவை. டாப்ளருக்குத் தனிக் கட்டணமா என்று முன்பே கேளுங்கள். கணுவுக்கான கழுத்து ஸ்கேனில் அது சேர்ந்தே இருக்க வேண்டியது.

எலாஸ்டோகிராபி என்று கணுவின் விறைப்பை வண்ணத்தில் காட்டுவார்கள். படம் அழகு. புற்று விறைப்பாக இருக்கும், உண்மை. சுண்ணாம்பு ஏறிய பழைய டி.பி. கணுவும் விறைப்பாக இருக்கும், அழுகி நீர்த்த புற்று மென்மையாகவும் இருக்கும். ஊசி போடுவதா வேண்டாமா என்பதை அது தனியாக மாற்றுவது அரிது. இலவசமாகச் செய்தால் செய்யட்டும். கூடுதல் பணம் கேட்டால் எங்கள் மதிப்பு ஐந்துக்கு ஒன்றரை.

கணு போல் நடிப்பவை

நல்ல ரேடியாலஜிஸ்ட்டை இனங்காண இன்னொரு வழி, கணு இல்லாததை இல்லை என்று சொல்வது. மூச்சுக்குழாயின் இடப்பக்கம் உணவுக்குழாய் குறுக்குவெட்டில் கட்டி போல் நிற்கும். எச்சில் விழுங்கச் சொன்னால் உள்ளே அசைவு தெரியும். கைக்குப் போகும் நரம்பு வேர்கள் குறுக்கே வெட்டினால் சின்னக் கருவட்டங்கள். ப்ரோபைத் திருப்பினால் கோடாகிவிடும். ஜூகுலர் சிரையும் அதன் கிளைகளும் லேசாக அழுத்தினால் நசுங்கும், கணு நசுங்காது.

இவற்றைத் தவறாகச் சொன்னால் பயம்தான் மிஞ்சும். அடுத்த இரண்டில் ஆபத்தும் உண்டு. கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் கவட்டையை அகற்றிக்கொண்டு, உள்ளே ரத்தம் கொப்பளிக்க உட்கார்ந்திருப்பது கரோட்டிட் பாடி கட்டி. டாப்ளர் போட்டுப் பார்க்காமல் அதில் ஊசியைக் குத்தினால் ரத்தம் கட்டிக்கொள்ளும். இரு முனையிலும் வால் போல் நரம்பு நீளும் கட்டி நரம்புக் கட்டி. ஊசி பட்டால் மின்சாரம் பாய்ந்தாற்போல் வலிக்கும்.

ஸ்கேன் எட்டாத இடம்

தொண்டைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் உள்ள கணுக்கள் அல்ட்ராசவுண்டில் தெரியவே தெரியாது. எலும்பும் காற்றும் ஒலியை மறித்துவிடும். நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் அப்படியே. மூக்குத் தொண்டைப் புற்று, கீழ்த் தொண்டைப் புற்று என்றால் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. வேண்டும். கழுத்து ஸ்கேன் சுத்தமாக வந்தது என்று அதை ஒத்திப்போடக் கூடாது.

இன்னொன்று கண்ணுக்கே எட்டாதது. கணுவுக்குள் ஒன்றிரண்டு மி.மீ. அளவில் ஒட்டியிருக்கும் புற்றை எந்தப் படமும் காட்டாது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 2015-இல் வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். வாய்ப்புற்று இருந்து, கழுத்தில் கணு எதுவும் தெரியாத 500 பேர். வாய் அறுவையோடு கழுத்துக் கணுக்களையும் எடுத்தவர்களில் மூன்றாண்டில் உயிரோடிருந்தவர்கள் 80 சதவீதம். கணு தெரிந்தபின் எடுக்கலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். ‘ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையே, கழுத்தை ஏன் வெட்டணும்?’ என்று கேட்கும் குடும்பங்களுக்கு டாக்டர்கள் காட்டும் எண் இதுதான்.

ஊசி: இந்தச் சேவையின் உயிர்

வெறும் ஸ்கேனுக்கு எங்கள் மதிப்பு ஐந்துக்கு மூன்று. அதே மேசையில், அதே ப்ரோபின் கண்காணிப்பில் ஊசியும் போட்டால் நாலரை. 2007-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், தலை, கழுத்துப் புற்றுக்காரர்களின் கணுக்களைக் கணிப்பதில் ஸ்கேன் பார்த்துப் போட்ட ஊசி, சி.டி.யையும் எம்.ஆர்.ஐ.யையும் முந்தியது. புற்று இல்லாததைப் புற்று என்று சொல்லும் தவறு அதில் மிகக் குறைவு. புற்று இருப்பதைத் தவறவிடுவதோ ஐந்தில் ஒன்று. அதனால்தான் ஊசியில் ஒன்றும் வராவிட்டாலும் சந்தேகக் கணுவை விட்டுவிடுவதில்லை.

சரியான முறை இது. ஊசி 23 முதல் 25 கேஜ் வரை (கேஜ் எண் கூடக் கூட ஊசி மெல்லியது), ரத்தம் எடுக்கும் ஊசியைவிடப் பெரும்பாலும் மெல்லியது. மரத்துப்போகும் மருந்து பெரும்பாலும் வேண்டியிருக்காது. ஊசி முனை திரையில் தெரிந்துகொண்டே நுழைய வேண்டும். நடுவே அழுகிய கணுவில் நடுவைக் குத்தினால் செத்த சேறுதான் வரும், உயிருள்ள அணுக்கள் ஓரச் சுவரில் இருக்கின்றன. ஓரப் புடைப்பு தெரிந்த கணுவில் அந்தப் புடைப்பையே குறிவைக்க வேண்டும். ரத்த ஓட்டம் மிகுந்த கணுவில் சிரிஞ்சை இழுக்காமல் ஊசியை மட்டும் முன்னும் பின்னும் அசைத்து எடுப்பது நல்லது, இழுத்தால் ரத்தம் கலந்து அணுக்கள் நீர்த்துப்போகும். இரண்டு மூன்று முறை குத்துவது வழக்கம்.

அதிகம் கெடுவது குத்தியபின்தான். கண்ணாடித் தகட்டில் பரப்பியதும் சில தகடுகளை நொடிகளுக்குள் ஆல்கஹாலில் போட வேண்டும், சிலவற்றைக் காற்றில் உலரவிட வேண்டும், இரண்டுக்கும் சாயம் வேறு. ஆல்கஹாலுக்குப் போக வேண்டியது வழியில் காய்ந்துவிட்டால் அணுக்கள் ஊதிப்போய், நல்லது கெட்டதாகவும் கெட்டது தெளிவின்றியும் தெரியும். ஸ்கேன் ஜெல் ஊசியில் ஏறினால் தகட்டில் ஊதா நிறக் குப்பையாகப் படிந்து அணுக்களை மறைக்கும். ஊசி போடும் இடத்தில் ஜெல்லைத் துடைத்து ஸ்பிரிட்டோ பெட்டடினோ வைத்துப் பார்ப்பவர்கள் வேலை தெரிந்தவர்கள். தகட்டில் பெயரைப் பென்சிலால் எழுத வேண்டும், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். இதெல்லாம் சின்ன விஷயம்தான். ‘போதுமான அணுக்கள் இல்லை, மறுபடி எடுக்கவும்’ என்ற ரிப்போர்ட் பெரும்பாலும் இந்தச் சின்ன விஷயங்களிலிருந்து பிறக்கிறது. எடுத்த உடனே ஒரு தகட்டுக்குச் சாயம் ஏற்றி, போதுமா என்று அங்கேயே பார்க்கும் வசதி இருந்தால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சீழ் வந்தால் கொட்டிவிடக் கூடாது. டி.பி.க்கான மூலக்கூறு பரிசோதனைக்கு, சிபிநாட் அல்லது ட்ரூநாட் என்பார்கள், தனிக் குப்பியில் போக வேண்டும். அரசு டி.பி. திட்டத்தில் இது இலவசம். ஃபார்மலினில் போட்ட மாதிரியில் டி.பி. கிருமி வளராது, ஆகவே குப்பி நிரப்பும் முன்பே சொல்லிவிட வேண்டும். தைராய்டுப் புற்று சந்தேகம் என்றால் குத்திய ஊசியை 1 மி.லி. சலைனில் அலசி, அதில் தைராய்டு உண்டாக்கும் புரதமான தைரோகுளோபுலின் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நீர்ப்பை போன்ற கணுவில் அணு ஒன்றுகூட வராதபோதும் இந்த அலசல் காட்டிக்கொடுத்துவிடும். 2015 அமெரிக்கத் தைராய்டு சங்க வழிகாட்டியின்படி, சந்தேக அடையாளம் உள்ள கணு குறுக்களவில் 8 முதல் 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் ஊசி போட வேண்டும்.

லிம்போமா என்றால் மெல்லிய ஊசி போதாது. அணுக்களைத் தனித்தனியாகப் பார்த்து வகை சொல்ல முடியாது, அவை அடுக்கியிருக்கும் விதம் தெரிய வேண்டும். 16 அல்லது 18 கேஜ் ஊசியால் சதைத் துண்டாகவே எடுக்கும் கோர் பயாப்ஸி, இல்லையேல் கணுவையே எடுத்துப் பார்ப்பது. ‘ரியாக்டிவ்’ என்று ஊசி ரிப்போர்ட் வந்தும் கணு பெருத்துக்கொண்டே போனால் இரண்டாவது முறை மெல்லிய ஊசிக்குப் போகாதீர்கள், கோருக்குப் போங்கள். 2020-இல் வெளியான சிட்னி முறைப்படி ஊசி ரிப்போர்ட்டுக்கு ஐந்து வகுப்பு உண்டு: போதாது, நல்லது, இயல்பற்றது, சந்தேகம், புற்று. ஸ்கேன் கெட்டது என்றும் ஊசி நல்லது என்றும் சொன்னால் ஸ்கேனை நம்பி மறுபடி எடுப்பதே முறை.

‘ஊசி குத்தினா பரவிடும்’ என்ற பேச்சு ஊரெல்லாம் உண்டு. மெல்லிய ஊசிப் பாதையில் புற்று ஒட்டுவது மிக மிக அரிது. உண்மையில் பயப்பட வேண்டியது வேறு: வாயையும் தொண்டையையும் பார்க்காமலே கழுத்துக் கணுவை அறுத்து எடுத்துவிடுவது. அது வாய்ப்புற்றின் கணுவாக இருந்தால் பின்னால் செய்ய வேண்டிய கழுத்து அறுவையின் அடுக்குகள் குலைந்துபோகும்.

அக்குள் பற்றி இரண்டு வார்த்தை

மார்பகப் புற்றில் அக்குள் ஸ்கேன் வேறு கணக்கு. அங்கே முழு அளவைவிட ஹைலத்தைச் சுற்றிய கருவட்டத்தின் தடிப்புதான் பேசும், 3 மி.மீ. தாண்டினால் சந்தேகம். அதே கையில் அண்மையில் தடுப்பூசி போட்டிருந்தால் கணு சில வாரம் வீங்கும், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். 2023-இல் வெளியான, சவுண்ட் (SOUND) என்று பெயரிட்ட ஆய்வு இந்த ஸ்கேனின் மதிப்பை உயர்த்தியது: கட்டி 2 செ.மீ. வரை, அக்குள் ஸ்கேன் சுத்தம் என்ற பெண்களில் கணு அறுவையைத் தவிர்த்தவர்கள், செய்துகொண்டவர்களைவிட ஐந்தாண்டில் மோசமாகப் போகவில்லை. அறுவையைத் தவிர்ப்பதே ஒரு ஸ்கேனை நம்பி என்றால், அதை யார் எடுத்தார் என்று கேட்பது அதிகப்படி ஆகாது.

போகும் முன்

ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டு போகாதீர்கள். லிம்போமா தற்காலிகமாகச் சுருங்கி, பயாப்ஸியில் முகம் காட்டாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஃப்ளாக்ஸின் வகை ஆன்டிபயாடிக்கும் வேண்டாம், டி.பி.யை அரைகுறையாக அடக்கி மாதக்கணக்கில் தாமதப்படுத்தும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்த வேண்டாம். மெல்லிய ஊசிக்குப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை, எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்டால் போதும். பழைய ஸ்கேன் இருந்தால் ரிப்போர்ட்டோடு படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். நாலு முதல் ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னால் அதே சென்டரில், முடிந்தால் அதே கையில் எடுப்பது நல்லது. 9 மி.மீ. 11 ஆனதா, அல்லது வேறு ஆள் வேறு கோணத்தில் அளந்தாரா என்ற குழப்பம் வராது.

ஊசி எடுத்திருந்தால் ரிப்போர்ட் காகிதத்தோடு திரும்பிவிடாதீர்கள். கண்ணாடித் தகடுகளையும், இருந்தால் மெழுகு பிளாக்கையும் லேபில் கையெழுத்துப் போட்டு வாங்கி, டப்பாவில் வைத்து, லேப் எண்ணை மேலே எழுதி வையுங்கள். அடுத்துப் போகும் புற்றுநோய் மருத்துவமனை முதல் நாளே அவற்றைத்தான் கேட்கும்.